எண்பத்தொன்று

பெட்ரோல் பங்க் வாசலில், விடிகாலை ஐந்தரைக்கு,
சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு நின்றிருந்தாள்.
கையில் ஃபிளாஸ்க். கேள்வி ஒன்றுமில்லை.
மற்றவர்கள் வண்டியில் ஏறும்போதே கேட்பார்கள்:
நிச்சயம் கிடைக்குமா, எவ்வளவு பெரிசு?
அதற்கென்று ஒரு பொய்யைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.
வீணாய்ப் போயிற்று.

வில்லமைன். ரோட்டர்டாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
முப்பது டன் பெட்டிகளை
முட்டை அடுக்குவதுபோல் கப்பலில் அடுக்குவாளாம்.
'ஒரு பெட்டிகூட என்னை எதிர்த்து இழுத்ததில்லை'
என்றாள். அதோடு சரி.
மெகினென்சா வரும்வரை பேச்சில்லை.

எப்ரோ அங்கே ஆறாக இல்லை,
அணை சொன்னபடி நிற்கும் தண்ணீர்.
பழைய ஊரின் படிக்கட்டுகள்
நேராக அதற்குள் இறங்குகின்றன,
கீழே யாரோ இன்னும் குடியிருப்பதுபோல.

மீன்தூள் உருண்டைகளைக் கோத்தேன்.
(அந்த நாற்றத்துக்காக என் மனைவி
இரண்டுமுறை அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.)
படகில் போய் மிதவையருகே இரையை இறக்கிவிட்டு
கரையில் நான்கு தூண்டில் நட்டேன்,
ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மணி.

பிறகு வெயில்.
ரொட்டியில் தக்காளியைத் தேய்த்துத் தின்றோம்.
பத்து மணிக்கு ஒரு கெண்டை வந்து
மணியை ஆட்டி ஏமாற்றிவிட்டுப் போனது.

நேரம் போகவேண்டுமே, நான்தான் பேசினேன்:
இந்தக் கெளுத்தி இந்த ஆற்றுக்காரன் இல்லை.
டான்யூப் பக்கத்து ஜாதி, யாரோ கொண்டுவந்து விட்டது.
சட்டப் புத்தகத்தில் அந்நியன் என்று எழுதியிருக்கிறது.
நானும் டான்யூப் பக்கம்தான், துல்சேயா.
பீச் பழம் பறிக்க பஸ்ஸில் வந்தவன்.
இருவருக்கும் இங்கே தீனி ஒத்துக்கொண்டது,
என் வயிற்றைப் பார்.

எங்கள் மொழியில் இந்த மீனுக்கும் தூக்கத்துக்கும்
ஒரே சொல், சோம்ன்.
'எது வந்தாலும் சரி' என்று
தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள்.
முதலில் தூக்கம் வந்தது.

மணி.

மூன்றாவது தூண்டில் தண்ணீரைக் கும்பிட்டது.
நான் கத்துவதற்குள் எழுந்து, செருப்பில்லாமல்,
கழியை இடுப்பில் ஊன்றிவிட்டாள்.
நூல் போனது. போய்க்கொண்டே இருந்தது.
ரீல் ஊளையிட்டது. பிறகு
நின்றது. ஒன்றுமே இல்லாததுபோல.
அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

இந்த இடத்தில் ஆண்கள் கெட்ட வார்த்தை சொல்வார்கள்.
இவள் கண்ணை மூடினாள்,
நூல்வழியே எதையோ கேட்பதுபோல.
அரை மீட்டர் எடுத்தாள், கால் மீட்டர் கொடுத்தாள்.
எடுத்தாள். கொடுத்தாள்.
நாற்பது நிமிடம். முழங்கை நடுங்கியது,
பாதத்தடியில் சரளைக்கல் சிவந்தது.
உதவவா என்றேன்.
அவள் பார்த்த பார்வையில் இரண்டடி பின்வாங்கினேன்.

முதலில் மீசை வந்தது. அப்புறம் வாய்,
ஒரு பயணப்பெட்டி திறந்துகொண்டு வருவதுபோல.
இடுப்பளவு நீரில் இறங்கித் தாடையைப் பிடித்தேன்.
நனைத்த பாயில் கிடத்தினோம்.
இரண்டு மீட்டர் பதினான்கு.
அவ்வளவு உடம்புக்கு
சட்டைப் பொத்தான் அளவே கண்.

'பொறு, எடை போடாதே' என்றாள்.
வயிற்றடியில் இரு கையும் நுழைத்து
ஒரு விரல்கடை உயர்த்தினாள். யோசித்தாள்.
'எண்பத்தொன்று.'

தராசு எழுபத்தொன்பது காட்டியது.

அன்று முழுதும் அவள் முகம் சுருங்கியது அப்போதுதான்.
'உன் தராசைச் சரிபார்.'
ஃபோட்டோ வேண்டாம் என்றுவிட்டாள்.

விடும்போது தலையை அவள்தான் தாங்கினாள்.
செவுள் திறந்தது, மூடியது.
அவசரமில்லை அதற்கு.
கட்டைவிரலை ஒருமுறை கவ்வி,
உப்புக்காகிதம்போல் தேய்த்துவிட்டு
தன் இஷ்டத்துக்குப் போயிற்று.
சேறு மேலே வந்தது. பிறகு அதுவும் படிந்தது.

மறுநாள் தராசை மாவு மில்லுக்கு எடுத்துப் போனேன்.
இரண்டு கிலோ குறைவாகத்தான் காட்டுகிறது.
எத்தனை வருடமாய் இப்படியோ!
அவளுக்கு எழுதவில்லை.

பங்க் வாசலில் இறக்கிவிட்டபோது
பணத்தை எண்ணிக் கொடுத்து, கட்டைவிரலைப் பார்த்தாள்,
தோல் உரிந்து சிவந்திருந்தது.
'திங்கட்கிழமை லீவர் பிடித்தால் எரியும்'
என்றாள். சம்பள உயர்வு வந்தவள்போல.